விசர்நாய்க்கடியும் ஓராண்டுத் தவணையும்



வன்னி நாட்டில் நாயில்லாத வீட்டைக் காண்பது அரிது. வயலுக்குப் பன்றி வரும். தோட்டத்துக்குக் குரங்கு வரும். கோழிக்கூட்டை நோக்கி நரி வரும். இவற்றையெல்லாம் குரைத்து விரட்டும் காவலாளி நாயே. குளக்கட்டு வழியே பாடசாலைக்கு வரும் பிள்ளைகளின் பின்னால் அவர்களுடைய நாய்களும் வந்து, வாயிற்கதவு வரை வழியனுப்பித் திரும்புவதை நாள்தோறும் காண்கிறேன். இத்துணை நெருங்கிய தோழனைப் பற்றிய ஒரு சிறு வினாவை இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். நாய்க்குத் தடுப்பூசி எத்தனை காலத்துக்கு ஒருமுறை இடவேண்டும் என்பதே அவ்வினா.

சென்ற ஆண்டு எங்கள் பாடசாலையின் ஐந்தாந் தர மாணவன் ஒருவன் கையில் துணி சுற்றி வந்தான். வீட்டு நாய்க்குச் சோறு வைக்கும்போது அது கையைக் கவ்விவிட்டதென்றான். தாயை அழைப்பித்தேன். “வீட்டு நாய்தானே சேர், போன வருசம் ஊசியும் போட்டனாங்கள்” என்று சொல்லி, மடித்துக் கசங்கிய ஓர் அட்டையை அவர் நீட்டினார். அதில் ஒரே ஒரு தேதி இருந்தது. எண்ணிப் பார்த்தேன், பதினான்கு மாதங்கள் கழிந்திருந்தன. “அப்படியானால் அஞ்ச வேண்டியதில்லை” என்று சொல்ல என் நா எழுந்தது. ஆயினும், பதினான்கு மாதத்துக்கு முன் இட்ட ஊசி இன்றும் காக்குமா என்று என்னை நானே கேட்டபோது, விடை தெரியவில்லை. முப்பது ஆண்டுகளாக வரலாறு கற்பிக்கும் எனக்கு இந்த ஊசியின் வரலாறு தெரியாதிருந்தது. தாயையும் மகனையும் வைத்தியசாலைக்கு அனுப்பினேன். பின்னர் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் இவ்வரலாற்றைத் தேடிப் படித்தேன். அதையே இன்று சொல்ல வந்தேன்.

விசர்நாய்க்கடி மனிதன் எழுதத் தொடங்கிய காலத்திலேயே அவனுடைய ஏட்டில் இடம்பெற்ற நோய். இன்றைய ஈராக் நாட்டில் ஏறக்குறைய நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் எஷ்நுன்னா என்னும் நகரம் இருந்தது. அந்நகரத்தின் சட்டத்தில் இவ்வாறு ஒரு விதி உண்டு: நாய்க்கு விசர் பிடித்திருக்கிறதென்று அதிகாரிகள் அறிவித்த பின்னும் உடையவன் அதைக் கட்டி வைக்காமல், அது ஒருவனைக் கடித்து அவன் இறந்தால், உடையவன் நாற்பது செக்கல் வெள்ளி இறுக்க வேண்டும். நோய்க்கு மருந்து அறியாத அக்காலத்திலும், நாய்க்கு உடையவன் ஊருக்குப் பொறுப்பாளி என்பதை மனிதர் அறிந்திருந்தனர். நம் பக்கத்தில், வடமொழி மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதையும் விசர் கொண்ட விலங்கின் இயல்பையும், அதனால் கடியுண்டவன் நீரைக் கண்டு நடுங்குவதையும் விரித்துரைக்கிறது. நோய்க்குறி தோன்றிய பின் பிழைத்தல் இல்லையென்று அன்று கண்ட உண்மை, மிகச் சில விதிவிலக்குகள் நீங்கலாக, இன்றும் மாறவில்லை.

மாறியது ஒன்றே: குறி தோன்றுமுன் தடுக்கும் வழி கிடைத்தது. அதனைத் தந்தவர் பிரான்சு தேசத்து அறிஞர் லூயி பாஸ்டர். 1885 ஆம் ஆண்டு ஜூலை 6 ஆம் நாள், விசர்நாயாற் பல இடங்களில் கடியுண்ட யோசேப்பு மெய்ஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு அவருடைய முறைப்படி முதல் ஊசி ஏற்றப்பட்டது. சிறுவன் பிழைத்தான். இதனைப் பலரும் அறிவர். ஆனால் அந்தச் சிறுவனுக்கு முன்பே பாஸ்டர் தம் முறையை நாய்களிடத்திலே சோதித்துப் பார்த்தார் என்பதைப் பலர் அறியார். 1884 ஆம் ஆண்டில் அரசு நியமித்த குழுவொன்றின் முன் அவர் அதை மெய்ப்பித்தும் காட்டினார். ஒரு நாய்க்குப் பல ஊசிகள் வேண்டியிருந்தமையால், ஒரு நாட்டு நாய்களுக்கெல்லாம் அம்முறை ஏற்றதாய் இருக்கவில்லை. ஆகவே ஊசி நாயை விட்டு மனிதனிடம் வந்தது.

இந்தியாவில் 1900 ஆம் ஆண்டில் இமயமலைச் சாரலிலுள்ள காசோலியில் பாஸ்டர் நிலையம் தோன்றியது. நீலகிரியில் கடியுண்டவர் அத்துணை தொலைவு செல்ல வேண்டியிருந்தது. 1902 ஆம் ஆண்டில் ஆங்கிலப் பெண்மணியொருவர் இந்நோயால் இறந்தமை தென்னாட்டிலும் ஒரு நிலையம் வேண்டுமென்ற எண்ணத்தைத் தூண்டியது. அமெரிக்கச் செல்வர் ஹென்றி பிப்ஸ் அளித்த நன்கொடையின் துணைகொண்டு 1907 இல் குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. 1911 இல் டேவிட் செம்பிள் என்பவர் காசோலியில் ஆக்கிய மருந்தே பின்னர் நெடுங்காலம் நம் நாடுகளில் வழங்கியது. வயிற்றிலே நாள்தோறும் ஏற்றிய அந்த ஊசிகளை நினைத்தால் இன்றும் நம் முதியோர் முகஞ்சுளிப்பர். நரம்பிழையத்தாற் செய்த அம்மருந்து பிற்காலத்தில் கைவிடப்பட்டது.

இவ்வாறு மனிதனைக் காக்க வழி கிடைத்ததாயினும், நோயின் ஊற்று நாயிடத்தில் அப்படியே இருந்தது. அதனை அடைக்க அரசுகள் முதலிற் கைக்கொண்ட வழி சட்டம். இங்கிலாந்து தேசம் நாய்க்கு வாய்ப்பூட்டு இட்டும், வெளிநாட்டு நாய்களைத் தடுத்து வைத்தும், ஊசியின் துணையின்றியே 1902 இல் இந்நோயை ஒழித்தது. இலங்கையில் 1893 ஆம் ஆண்டிலேயே விசர்நோய்க் கட்டளைச் சட்டம் பிறந்தது. நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் 1901 இல் வந்தது. இவையிரண்டும் இருந்தும் நோய் நீங்கவில்லை. 1973 ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 350 க்கும் மேற்பட்டோர் விசர்நாய்க்கடியால் மாண்டனர். 1975 இல் அரசு தேசிய அளவில் ஒரு கட்டுப்பாட்டுத் திட்டம் வகுத்தது. நாய்களுக்கு ஊசி இடுதலும், கடியுண்டவர்க்கு உடன் மருந்தளித்தலும் அதன் தூண்களாயின. கட்டாக்காலி நாய்களைக் கொல்லுதலும் அன்று அதன் பகுதியாய் இருந்தது. 2006 இல் அது நிறுத்தப்பட்டது. கொலை நின்ற பின்னும் மரணம் கூடவில்லை, குறைந்துகொண்டே வந்தது. 2010 ஆம் ஆண்டளவில் அது ஏறக்குறைய ஐம்பதாயிற்று. பின்னர் அதனினும் தாழ்ந்தது. நோயைத் தாழ்த்தியது துப்பாக்கியன்று, ஊசியே என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இனி, நாம் தொடங்கிய வினாவுக்கு வருவோம். நாய்க்கு ஒரே ஊசியாற் பாதுகாப்பளிக்கலாம் என்ற வழியைக் காட்டியவர்கள் சப்பான் தேசத்து அறிஞர்களாகிய உமெனோ, தோய் என்னும் இருவர். அவர்களுடைய ஆய்வு 1921 இல் வெளியாயிற்று. அத்தேசம் 1950 இல் சட்டமியற்றி, ஒவ்வொரு நாயையும் பதிய வேண்டும், ஆண்டுக்கு இருமுறை ஊசி இட வேண்டும் என்று விதித்தது. ஏழே ஆண்டுகளில், 1957 உடன், நோய் அங்கே ஒழிந்தது. மருந்து மேம்பட்டமையால் 1985 முதல் இருமுறை ஒருமுறையாயிற்று.

அமெரிக்காவில் 1948 இல் மெம்பிஸ் நகரத்தில் நோய் பரவியபோது, நாய்களுக்குப் பெருந்தொகையாக ஊசியிட்டு அதை அடக்கினர். கோழிக்கருவில் வளர்த்த புதிய மருந்தும் அக்காலத்திலேயே வந்தது. அம்மருந்து மூன்றாண்டுகளுக்கு மேலும் நாயைக் காத்ததென்று 1953 இல் வெளியான சோதனை முடிவுகள் காட்டின. இன்று அந்நாட்டில் வழங்கும் மருந்துகள் பலவற்றுக்கு மூன்றாண்டுத் தவணை உண்டு. முதல் ஊசி இட்டு ஓராண்டு முடிவில் ஒன்று இடுவர். அதன்பின் மூன்றாண்டுக்கு ஒன்று.

அவ்வாறாயின், நம் நாட்டில் ஆண்டுதோறும் இடச் சொல்வது வீண் செலவன்றோ என்று நேயர்கள் கேட்கலாம். நானும் அவ்வாறே எண்ணினேன். மூன்று காரணங்கள் என் எண்ணத்தை மாற்றின.

முதலாவது காரணம் நாயைப் பற்றியது. குட்டிக்குத் தாய்ப்பாலின் வழி வரும் காப்புச் சத்து சில கிழமைகள் உடலில் நிற்கும். அக்காலத்தில் இட்ட ஊசியை அது மழுங்கச் செய்யும். புழுவாலும் பசியாலும் மெலிந்த நாயின் உடலும் ஊசியை ஏற்றவாறு பயன்படுத்தாதிருக்கலாம். சோதனைச்சாலையிற் பேணி வளர்த்த நாயிடத்துப் பெற்ற மூன்றாண்டுக் கணக்கை, வாழ்நாளில் ஒரே ஒரு ஊசி பெற்ற நம் முற்றத்து நாய்க்குப் பொருத்துதல் ஆகாது.

இரண்டாவது காரணம் ஊரைப் பற்றியது. ஓரூர் நாய்களில் நூற்றுக்கு எழுபதேனும் காப்புப் பெற்றிருப்பின் நோய் அங்கே பரவ இயலாதென்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஓரூரில் 100 நாய்கள் உள. 70 க்கு ஊசி இட்டோம் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டில் அந்த எழுபதில் இருபது இறக்கின்றன. புதிதாய் முப்பது குட்டிகள் வளர்கின்றன. இப்போது 110 நாய்களில் 50 க்கே காப்பு உண்டு, நூற்றுக்கு நாற்பத்தைந்து. ஊசி பெற்ற நாயின் உடலில் மருந்தின் வலிமை சிறிதும் குன்றவில்லை. ஊரின் வலிமை குன்றிவிட்டது. வன்னி மக்கள் இதைக் கண்ணாற் கண்டவர்கள். 2008, 2009 ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் நாய்களையும் விட்டு ஓடினோம். ஊர் திரும்பிய பின் முற்றத்துக்கு வந்தவை புதிய நாய்கள். எந்த நாய்க்கு எப்போது ஊசி இட்டதென்று சொல்ல அட்டையும் இல்லை, ஆளும் இல்லை. அத்தகைய ஊரில் மூன்றாண்டுக் கணக்கு எதற்கு உதவும்?

மூன்றாவது காரணமே எங்கள் மாணவனைப் பற்றியது. வீட்டு நாய் கடித்ததென்று ஒருவர் வந்தால், வைத்தியர் அந்த நாயின் அட்டையைக் கேட்பார். குறைந்தது இரண்டு ஊசிகள் உரிய இடைவெளியில் இட்டிருக்க வேண்டும். கடைசி ஊசி ஓராண்டுக்குள் இட்டதாயிருக்க வேண்டும். நாயும் நலமாய்க் கண்முன் இருக்க வேண்டும். அவ்வாறிருந்தால், நாயைப் பதினான்கு நாள் கட்டி வைத்துக் கவனித்து, கடியுண்டவருக்கு மருந்தேற்றுவதைத் தள்ளிவைக்க இடமுண்டு. அன்று அந்தத் தாய் நீட்டிய அட்டையில் ஓர் ஊசியே இருந்தது, ஓராண்டும் கடந்திருந்தது. ஆகவே சிறுவனுக்கு ஊசிகள் ஏற்றினர். காயத்தைக் கடித்தவுடனே சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவியிருக்க வேண்டுமென்பதையும் தாய்க்கு எடுத்துரைத்தனர். நாய் நலமாயிருந்தது; பிள்ளையும் நலமாயிருக்கிறான். என் நா எழுந்தபடி நான் சொல்லியிருந்தாலும் ஒருவேளை இதுவே நடந்திருக்கும். ஆனால் அந்த “ஒருவேளை”யின்மேல் ஒரு பிள்ளையின் உயிரை வைக்க எனக்கு என்ன உரிமை? உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 59,000 பேர் இந்நோயால் இறப்பதாகக் கணித்துள்ளனர்; அவர்களிற் பத்தில் நால்வர் பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுவர்.

நாய்க்கு இடும் எல்லா ஊசிக்கும் தவணை ஒன்றன்று என்பதையும் சொல்லுதல் வேண்டும். நாய்களைக் கொல்லும் டிஸ்டெம்பர், பார்வோ ஆகிய நோய்களுக்கு, குட்டிப் பருவத்துத் தொடர் ஊசிகளும் அவற்றை அடுத்து ஒன்றும் முடிந்த பின், மூன்றாண்டுக்கு ஒருமுறை போதுமென்பது இன்றைய உலக மிருக வைத்தியர் கொள்கை. ஆனால் நம் வயல்களில் உழவரைத் தாக்கும் எலிக்காய்ச்சல் நாயையும் தாக்கும். அதற்குரிய ஊசியின் காப்பு ஏறக்குறைய ஓராண்டே நிற்கும். ஆகவே எந்த ஊசி, எப்போது என்பதை மிருக வைத்தியரைக் கேட்டு அட்டையிற் குறித்துக்கொள்வதே முறை.

அன்பர்களே, வரலாறு கற்பிக்கும் பாடம் இது. ஓராண்டு என்னும் தவணை நாயின் குருதியில் மட்டும் எழுதியிருப்பதன்று. நாயின் குறுகிய வாழ்நாளும், ஆண்டுதோறும் பிறக்கும் குட்டிகளும், தொலைந்துபோகும் அட்டைகளும் சேர்ந்து வகுத்த தவணை அது. எத்தனை காலத்துக்கு ஒருமுறை என்று கேட்பவர், யாரைக் காக்க என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பேணி வளர்த்த ஒரு நாயைக் காக்க மூன்றாண்டு போதுமாயிருக்கலாம். ஊரைக் காக்க ஓராண்டே எல்லை. மெக்சிகோ நாடு 1990 முதல் இவ்வாறு பெருந்தொகையாக ஊசியிட்டு வந்து, நாய்வழி வரும் விசர்நோயால் மனிதர் இறக்கும் நிலையை ஒழித்ததென்று 2019 இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. பெரிய நாடொன்றுக்கு இயன்றது நம் தீவுக்கு இயலாததன்று.

உங்கள் ஊருக்கு ஊசி இடுவோர் வரும் நாளில், வயல் வேலையைச் சற்றே நிறுத்தி, நாயைக் கயிற்றிற் பிணித்துக் கொண்டுபோங்கள். தரும் அட்டையைப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் இருக்கும் பெட்டியிலே வையுங்கள். எங்கள் பாடசாலையில் இப்போது தவணைதோறும் ஒரு காலைக் கூட்டத்தில், தங்கள் வீட்டு நாயின் அட்டையில் உள்ள கடைசித் தேதியைப் படித்து வருமாறு பிள்ளைகளிடம் சொல்கிறோம். முதன்முறை கேட்டபோது தேதி சொன்னவர் சிலரே. சென்ற தவணையில் அந்த ஐந்தாந் தர மாணவன் எழுந்து நின்று இரண்டு தேதிகளைச் சொன்னான்.