ஏணிக்கு வரி, மண்ணுக்குப் பெயரில்லை

ஹங்கேரியின் டோக்காய் மலைச்சரிவுகளில் வெள்ளைத் திராட்சையைக் கொடியிலேயே விட்டு, பூஞ்சை பிடித்துச் சுருங்கும்வரை பழுக்கவைத்துப் பறிப்பார்கள். அந்தப் பழத்தில் உண்டாகும் இனிப்பு வெள்ளை ஒயினுக்கு ஐரோப்பிய அரண்மனைகளில் தனி மதிப்பு இருந்தது. எந்தெந்த ஊர்கள் அந்த ஒயின் வட்டாரத்தில் சேரும் என்று 1737-ல் அரசாணை எல்லை வகுத்தது. 1756-ல் போர்ச்சுக்கல் தன் டோரோ பள்ளத்தாக்குக்கும் அதையே செய்தது. இதே காலத்தில் நம் பக்கத்தில் திருவிதாங்கூரை ஆண்டவர் மார்த்தாண்ட வர்மா (1729–1758). பத்மநாபபுரம் என்று அவர் பெயர் மாற்றிய கல்குளத்திலிருந்து சில மைல் நடந்தால் இரணியல், நெய்யூர். சுற்றிலும் பனை. அந்தப் பனையிலும் வெள்ளையாக நுரைக்கிற ஒரு பானம் இறங்கியது. டோக்காய்க்குக் கிடைத்த பெயர் நெய்யூர்க் கள்ளுக்கு ஏன் கிடைக்கவில்லை? சரக்கு மட்டம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். என் கணிப்பு வேறு. அரசு எதைக் கணக்கெடுக்கிறதோ அதற்குத்தான் பெயர் வருகிறது.

வேணாட்டிலும் பிறகு திருவிதாங்கூரிலும் பனையேறிகளிடம் வாங்கிய வரிகளுக்குள் ஏணிக்காணம், தளைக்காணம் என்று இரண்டு உண்டு. ஏறுகிற ஏணிக்கு ஒன்று, காலில் மாட்டுகிற தளைநாருக்கு மற்றொன்று. ஹங்கேரியில் அதிகாரிகள் சரிவையும் மண்ணையும் தரம் பிரித்தார்கள். இங்கே கணக்கில் ஏறியது ஏறுகிற ஆள்தான். செம்மண் விளையில் நின்ற பனைக்கும் கடலோர மணலில் நின்ற பனைக்கும் சாற்றில் வேறுபாடு உண்டு என்பது ஏறுகிறவருக்குத் தெரியும், வரி வாங்குகிறவருக்கு அது தேவைப்படவில்லை. அடுத்து வந்த அப்காரி முறை இதை இன்னும் இறுக்கியது. கள் விற்கிற உரிமையை ஏலத்தில் எடுத்த குத்தகைக்காரனுக்கு, எல்லா மரத்துக் கள்ளும் ஒரே பீப்பாயில் விழுந்தால் போதும். பெயரும் ஊரும் பீப்பாய்க்குள் கரைந்துபோயின.

இதற்கு முதலில் எழும் மறுப்பு இயற்கையைக் காட்டும்: கள் தாங்காது, ஒயின் தாங்கும், கப்பலேறாத பொருளுக்குப் புகழ் எப்படி வரும்? நியாயமான கேள்விதான். பனையேறி காலையும் மாலையும் பாளையின் நுனியை மெல்லச் சீவிக் கலயத்தைக் கட்டுகிறார். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது அக்கானி. தடவாவிட்டால், மரத்தில் தொங்கும்போதே ஈஸ்டும் பாக்டீரியாவும் வேலையைத் தொடங்கிவிடும். நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு இருந்த சர்க்கரை நொதித்து, சில மணி நேரத்தில் நாலைந்து சதவீத ஆல்கஹால் ஆகும். மறுநாள் அது காடி. டோக்காயில் பழம் முதிர வாரக்கணக்கு, ஒயின் முதிர ஆண்டுக்கணக்கு. இங்கே இளங்கள் மூத்த கள்ளாவது மணிக்கணக்கு. ஆனாலும் இந்த மறுப்பு பாதி தூரம்தான் வரும். கேரளத்தில் பாலக்காட்டின் சித்தூர் தாலுகாவில் இறக்கிய கள், பெர்மிட்டுடன் வண்டியேறித் தென்மாவட்டக் கடைகள்வரை போகிறது. பயணத்துக்குத் தாங்கத்தான் செய்கிறது. போய்ச் சேர்ந்த கடையில் அது வெறும் கள். சித்தூர் என்ற பெயர் பெர்மிட்டோடு நின்றுவிடுகிறது.

கோவாவைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். அங்கே முந்திரிப் பழத்திலும் பெனி உண்டு, தென்னங்கள்ளிலும் பெனி உண்டு. இரண்டும் காய்ச்சி வடித்தவை, இரண்டும் கெடாமல் தாங்கும். 2009-ல் புவிசார் குறியீடு கிடைத்தது முந்திரிப் பெனிக்கு மட்டும். முந்திரியே போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த மரம். தென்னை அவர்களுக்கு முன்பே அங்கே இருந்தது. தாங்குவதோ தொன்மையோ பெயரைத் தீர்மானிக்கவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

மறுப்பு இன்னொன்று: நெய்யூரில் கள்ளின் மதிப்பைக் குறைத்தது லண்டன் மிஷன்தானே? அந்த மிஷனின் மீட் ஐயர் 1828 வாக்கில் நெய்யூரைத் தம் தலைமையிடமாக்கினார். 1838-ல் மருத்துவப்பணி தொடங்கியது. குடிக்கு எதிரான பிரசங்கம் நடந்ததும் உண்மை. ஆனால் ஏணிக்காணம் மிஷனுக்கு வெகுகாலம் முந்தியது. தவிர, பிரசங்கம் கண்டித்தது குடியை. பனை கருப்பட்டி வழியாகச் சபைக் குடும்பங்களுக்கும் சோறு போட்டது. கள்ளால் சீரழிந்த வீடுகள் இல்லையா என்று கேட்பவர்களுக்கு, இருந்தன என்பதே பதில். கூலி முழுக்கக் கடைக்குப் போன வீட்டுப் பெண்களின் கோபம்தான் மதுவிலக்குக்கு உண்மையான பலம். அந்தக் கோபத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கள்ளைத் தடுக்கிற சட்டம், டாஸ்மாக் பிராந்தி அந்த வீடுகளுக்கு எந்த வகையில் மேல் என்று விளக்கியதில்லை.

1956 நவம்பர் 1-ல் கல்குளமும் விளவங்கோடும் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. 1971-ல் மதுவிலக்குத் தளர்ந்து கள்ளுக்கடை திறந்தது, மூன்றாண்டுக்குள் மூடியது. 1981-ல் மறுபடி திறந்து, 1987 ஜனவரியோடு மறுபடி மூடியது. இப்படித் திறந்து மூடும் தொழிலில் ஒரு வட்டாரம் தரத்தை எங்கே நிலைநாட்டும்? கேரள எல்லையான களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் உரிமம் பெற்ற கடை, இந்தப் பக்கம் வழக்கு. இதற்கிடையில் ரப்பர் வந்து பல விளைகளை எடுத்துக்கொண்டது. சில ஆண்டுகளுக்கு முன் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, பனஞ்சாற்றின் ஒரு வடிவத்துக்காவது மண்ணின் பெயர் ஒட்டியது. நெய்யூர் அக்கானிக்கோ கருப்பட்டிக்கோ அப்படி ஒன்று கேட்க வேண்டுமானால் எல்லையும் முறையும் எழுத்தில் வேண்டும். எந்த விளைச் சாறு எப்போது இனிக்கும் என்பதை எழுதவைக்கக்கூடியவர்கள் தளைநார் மாட்டி ஏறியவர்கள்தான். அவர்களின் பிள்ளைகள் பெரும்பாலோர் பனையேறுவதில்லை.