இருவருக்கான குழம்பும் ஒரு மார்க் கேள்வியும்



போன மாதம் உங்கள் அத்தை காய்ச்சலில் படுத்து எழுந்தார். காரம், புளி, எண்ணெய் குறைக்கச் சொன்னார் டாக்டர். பிள்ளைகள் வெளியூரில். ஆகவே அடுப்படி என் பொறுப்பாயிற்று. நேற்று நான் செய்தது அயர்லாந்துக்காரர்களின் ஆட்டுக்கறிக் குழம்பு, 'ஐரிஷ் ஸ்டூ'.

செய்முறை எளிது. கால் கிலோ எலும்புக்கறியைக் கொழுப்பு நீக்கி, உப்பும் தண்ணீரும் சேர்த்து ஆறு விசில். பிறகு பெரிய வெங்காயம் ஒன்று, கேரட் ஒன்று, ஊட்டி உருளைக்கிழங்கு மூன்று. ஒரு கிழங்கை மட்டும் மெல்லிசாகச் சீவினேன். அது கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும். இன்னும் ஒரு விசில், கடைசியில் மிளகுத்தூள். அவ்வளவுதான். கேரட்டே போடக்கூடாது என்று சண்டை பிடிப்பவர்களும் அந்த நாட்டில் உண்டு.

கிழங்கைத் தோல் சீவும்போதுதான் வகுப்பு நினைவுக்கு வந்தது. "அயர்லாந்துப் பஞ்சத்துக்குக் காரணம் என்ன?" "உருளைக்கிழங்கு நோய்." ஒரு மார்க். எத்தனை வருடம் இப்படித் திருத்தியிருப்பேன்!

அந்த விடை பாதிதான், பிள்ளைகளே.

உருளை தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் பிறந்தது. ஸ்பானியர்கள் வழியாக ஐரோப்பாவுக்கு வந்தது. அயர்லாந்தில் நல்ல நிலமெல்லாம் பண்ணையார்களிடம் இருந்தது. விளைந்த தானியமும் வளர்த்த மாடும் குத்தகைக்கே போய்விடும். மிச்சமிருந்த துண்டு நிலத்தில் ஒரு குடும்பத்துக்கே சோறு போடக்கூடிய பயிர் உருளை ஒன்றுதான். லட்சக்கணக்கான ஏழைகள் அதை மட்டுமே நம்பி வாழ்ந்தார்கள். இந்தக் குழம்பில் கறி போடுவதே அவர்களுக்கு அபூர்வம்.

1845-இல் கருகல் நோய் வந்தது. கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகியது. 1841 கணக்கெடுப்பில் 80 லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை 1851-இல் 65 லட்சமாகச் சுருங்கியது. சுமார் 10 லட்சம் பேர் மடிந்தார்கள். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினார்கள். அப்போதும் துறைமுகங்களிலிருந்து தானியமும் வெண்ணெயும் மாடுகளும் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தன. நோய் அழித்தது கிழங்கை; ஆளை அழித்ததில் ஆட்சிக்கும் பங்கு உண்டு.

லண்டன் கருவூலத்தில் அமர்ந்து நிவாரணப் பணத்தை இறுக்கிப் பிடித்த அதிகாரி சார்லஸ் டிரெவெல்யன். அவரே 1859-இல் நம் சென்னைக்கு கவர்னராக வந்தார். சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டியிருந்த பீப்பிள்ஸ் பார்க் அவர் உருவாக்கியது. மேலிடத்தின் புதிய வரிகளைப் பகிரங்கமாக எதிர்த்ததால் 1860-இல் திருப்பி அழைக்கப்பட்டார். ஒரே மனிதருக்குள் இரண்டும் இருந்தன.

அவர் போய்ப் பதினாறு வருடத்தில் நம்மூரில் தாது வருஷப் பஞ்சம். 1877-இல் பஞ்ச வேலைக்குப் போன ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்றார்கள். ஒரு பவுண்டு என்றால் அரைக்கிலோகூட இல்லை. நாள் முழுக்க மண் சுமப்பவனுக்கு! அப்போதும் தானியம் கப்பலேறியது. மழை பொய்த்தது காரணம் என்று எழுதினால் அதுவும் பாதி விடைதான்.

குழம்பை அத்தையிடம் நீட்டினேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னங்க, நோயாளிக்கு வைக்கிற கஞ்சி மாதிரி இருக்கு" என்றார். ஆனால் கிண்ணம் காலியானது. மூன்று வாரத்தில் இரண்டாவது முறையாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அதைத்தான். எனக்கு அது போதும்.

உங்களில் சிலர் இப்போது ஆசிரியர்கள். பஞ்சம் பற்றிப் பாடம் எடுக்கும்போது ஐந்து நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். "விளைந்ததெல்லாம் எங்கே போனது?" என்று பிள்ளைகளைக் கேட்க வையுங்கள். நான் கேட்க வைக்கவில்லை. அந்த ஒரு மார்க் உங்களுக்கு நான் கடன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்