மணல் இடுக்கில் ஒரு சாட்சி

கடல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அறிய, மணலுக்குள் வாழும் ஓடில்லா நத்தைகளைக் கேட்கலாம் என்பது உயிரியலில் ஒரு கருத்து. (இவற்றைக் கடலட்டை என்று சொல்லிவிடக் கூடாது, நம் கரையில் அந்தப் பெயர் வேறோர் உயிருக்குரியது.) பெரும்பாலும் சில மில்லிமீட்டர் நீளத்தில், புழுப்போல் ஒடுங்கி, மணலின் இடுக்குகளில் இவை ஊர்கின்றன. அந்த இடுக்குகளைச் சேறு அடைத்தாலோ, கழிவு அழுகி ஆக்சிஜன் தீர்ந்தாலோ, இவற்றுக்குப் போக்கிடம் இல்லை. இடும் முட்டைகளும் குறைவு என்பதால், அழிந்த இடத்தை மறுபடி நிரப்ப நாளாகும். சாட்சிக்கு இதைவிடத் தகுதி வேண்டுமா? வேண்டும் என்பதே என் வாதம். முன்பு என்ன இருந்தது என்று எழுதிவைத்த ஏடு இல்லாத கரையில், நத்தை இல்லாமை எதையும் நிரூபிக்காது.

அந்த ஏட்டைத் தொடங்கியவர்களுக்கு மாசு பற்றிய கவலையே இருக்கவில்லை. கருங்கடல் கரையில் செவஸ்தோபோல் உயிரியல் நிலையத்தை நடத்திய சோஃபியா பெரெயஸ்லாவ்த்சேவா, 1890களின் தொடக்கத்தில் இவற்றில் ஒன்றுக்கு ‘சூடோவெர்மிஸ்’ என்று பெயரிட்டார். ‘பொய்ப்புழு’ என்று பொருள். அதே நிலையத்துக்கு அவருக்குப் பின் தலைமையேற்ற அலெக்சாந்தர் கோவலேவ்ஸ்கி, தாம் மறைந்த 1901-இல் இந்த நத்தைகளில் இன்னொரு குடும்பத்தின் உடலமைப்பை விரிவாக எழுதினார். இந்த அளவுள்ள கடலடி உயிர்களுக்கெல்லாம் ‘மெயோபெந்தோஸ்’ என்ற பொதுப்பெயரை மோலி மேர் தந்தது 1942-இல்தான். வெறும் ஆர்வத்தால் எழுதப்பட்ட இந்தப் பக்கங்கள்தாம் இன்று ஒப்பிட நமக்கிருக்கும் அடிப்படை.

கருவி வைத்து நீரைச் சோதித்தால் போதாதா என்று கேட்பார்கள். நீர்ச் சோதனை அந்த நேரத்து நீரைத்தான் சொல்லும்; நேற்றிரவு திறந்துவிட்ட கழிவு அலையோடு போயிருக்கும். மணலில் குடியிருக்கும் உயிர் அதையும் தாங்கியாக வேண்டும். இன்னொரு ஆட்சேபம் வலுவானது: இந்த நத்தைகள் திட்டுத்திட்டாக வாழ்பவை, புயலிலும் பருவத்திலும் கூடிக்குறைபவை, ஒரு வாளி மணலில் காணவில்லை என்றால் என்ன பொருள்? இந்தச் சிக்கலை ஆய்வாளர்கள் ஏற்கெனவே சந்தித்ததுண்டு. 1981-இல் ராஃபேலியும் மேசனும், மணலில் உருளைப்புழுக்களுக்கும் துடுப்புக்காலிகளுக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டே மாசை அளக்கலாம் என்றார்கள். அதே ஆண்டே மறுப்பு வந்தது: மண் நுண்துகளாக இருந்தாலே புழு மிகும், மாசு வேண்டியதில்லை. மறுத்தவர்கள் பக்கமே நியாயம் அதிகம். ஒற்றை எண் சாட்சி சொல்லாது. ஒரே கரையின் இரண்டு காலத்து எண்கள் சொல்லக்கூடும்.

அதற்கும் மாதிரி எடுக்கும் முறை ஒன்றாயிருக்க வேண்டும். கடலடி ஆய்வுகளில் பொதுவாக அரை அல்லது ஒரு மில்லிமீட்டர் சல்லடையில் மண்ணை அலசி, தங்கியதை ஃபார்மலினில் இடுவார்கள். மெலிந்த நத்தை சல்லடையில் நழுவிவிடும். தங்கியதும் சுருண்டு, இன்னதென்று தெரியாத உருண்டையாகிவிடும். மெக்னீசியம் குளோரைடு கரைசலில் மயக்கி, மணலை விட்டுப் பிரித்து, உயிரோடு பார்த்தால்தான் அடையாளம் தெரியும். ஆகவே பல அறிக்கைகளில் இந்த நத்தை இல்லாததற்குக் காரணம் கடல் அல்ல, சல்லடை.

நம் பக்கத்து ஏடும் வெறுமையானதல்ல. மதராஸ் கரையின் மணற்புழுக்களைப் பற்றி ஆர். கோபால ஐயரும் அலிகுஞ்ஞியும் 1944-இல் எழுதினார்கள். விசாகப்பட்டினத்து வால்டேர் கரையின் மணலிடை உயிர்களைக் கணபதியும் ராவும் 1962-இல் பதிவுசெய்தார்கள். ஆனால் விசாகப்பட்டினத் துறைமுகம் 1933-இலேயே திறந்துவிட்டது, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1957-இல் வந்தது. மதராஸிலோ துறைமுகச் சுவர் எழுந்தபின் மணல் சேர்ந்து சேர்ந்துதான் மெரினாவே இவ்வளவு அகலமானது. இரண்டு ஊரிலும் துறைமுகம் முந்திக்கொண்டது. ஏடு பிந்தித்தான் திறந்தது.