தொல்லைப் பரிசோதகர்: ஓர் உத்தியோகத்தின் வரலாறு

எமது பாடசாலைக் கிணற்றைப் பார்வையிடப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் வந்து சென்ற நாளில், பத்தாந் தரத்து மாணவன் ஒருவன் என்னிடம் ஒரு வினாவை எழுப்பினான். "சேர், சந்தைக் கழிவுத் தண்ணியெல்லாம் வெள்ளவாய்க்காலுக்கைதான் போகுது. அதை விடுறது சபைதானே. அப்ப சபைக்கு ஆர் நோட்டீஸ் குடுக்கிறது?"

வகுப்பு சிரித்தது. என்னால் சிரிக்க முடியவில்லை. அம்மாணவன் அறியாமலே, ஏறத்தாழ நூற்றியெழுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தீர்க்கப்படாதிருக்கும் பிரச்சினை ஒன்றின் மீது கைவைத்துவிட்டான். உள்ளூராட்சி மன்றத்தின் பெயரால் நீரையும் காற்றையும் நிலத்தையும் காக்கும் சட்டங்கள் ஒழுங்காகக் கைக்கொள்ளப்படுகின்றனவா எனக் கண்காணிக்கும் உத்தியோகத்தர் யாருக்குக் கடமைப்பட்டவர்? சம்பளம் வழங்கும் சபைக்கா, சட்டத்துக்கா, மக்களுக்கா? அந்த உத்தியோகம் எச்சூழலிற் பிறந்தது, யாருடைய தேவைக்காகப் பிறந்தது என்பதை ஆராயாது இவ்வினாவுக்கு விடை காணல் அரிது.

இங்கிலாந்திற் கைத்தொழிற் புரட்சி பெற்றெடுத்த பல பிள்ளைகளுள் இவ்வுத்தியோகமும் ஒன்று. ஆலைகளை நோக்கிக் கிராமத்து மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். அவர்களைத் தாங்குதற்கு வேண்டிய வீடோ, வடிகாலோ, குடிநீரோ நகரங்களில் இருக்கவில்லை. 1842ஆம் ஆண்டு எட்வின் சட்விக் வெளியிட்ட அறிக்கை, உழைக்கும் மக்களின் சுகாதார நிலையைப் புள்ளிவிபரங்களால் எடுத்துக்காட்டியது. லிவர்பூல் நகரிற் கனவான் குடும்பங்களில் இறந்தோரின் சராசரி வயது 35. வியாபாரிகளின் குடும்பங்களில் 22. தொழிலாளர் குடும்பங்களில் 15. குழந்தைகள் பெருந்தொகையாக மடிந்தமையே இவ்வெண்கள் இத்துணை தாழ்ந்தமைக்குக் காரணமாகும். கிராமப்புறமான ரட்லண்டிலோ தொழிலாளர் குடும்பங்களின் சராசரி 38 ஆக இருந்தது. அதாவது, ரட்லண்டின் ஏழைக் கூலியாள் லிவர்பூலின் கனவானைவிட நீண்டநாள் வாழ்ந்தான். அழுக்கு ஏழையைக் கொன்றது. ஆயின் அவனோடு நின்றுவிடவில்லை. ஆளும் வர்க்கம் சுகாதாரத்தைப் பற்றிச் சிந்திக்கத் தலைப்பட்டதற்கு மனிதாபிமானம் ஒரு காரணமாயின், இந்த அச்சம் மற்றொரு காரணம்.

முதற் பரிசோதனைக் களமாக அமைந்தது லிவர்பூலே. 1846இல் அந்நகருக்கெனத் தனிச் சுகாதாரச் சட்டம் ஒன்று நிறைவேறியது. அதன்படி 1847இல் டாக்டர் வில்லியம் ஹென்றி டங்கன் நகரின் சுகாதார வைத்திய அதிகாரியாகவும், ஜேம்ஸ் நியூலண்ட்ஸ் பொறியியலாளராகவும், தோமஸ் பிரெஷ் 'தொல்லைப் பரிசோதகர்' என்ற பதவியிலும் கடமையேற்றனர். அக்காலச் சட்டமொழியில் 'தொல்லை' என்பது வெறும் இடைஞ்சலன்று. நிரம்பி வழியும் மலக்குழி, குடியிருப்பு நடுவிற் குவிந்த எருமேடு, அழுகிய இறைச்சி, கரும்புகை கக்கும் புகைபோக்கி என்று அயலவரின் உடல்நலத்துக்குக் கேடாயமைந்த யாவும் அச்சொல்லில் அடங்கின. இன்று 'சுற்றாடல் மாசு' என நாம் கூறுவதன் மூதாதை அச்சொல்லே எனக் கூறின் மிகையாகாது.

அவர்கள் கடமையேற்ற அதே ஆண்டில் அயர்லாந்தின் பெரும் பஞ்சம் லிவர்பூலின் துறைமுகத்திற் கரையேறியது. ஏறத்தாழ மூன்று இலட்சம் ஐரிஷ் மக்கள் அவ்வொரே ஆண்டில் வந்திறங்கினர். தைபஸ் காய்ச்சல் பரவியது. வறியோர் தெருமட்டத்துக்குக் கீழேயுள்ள நிலவறைகளில், காற்றும் ஒளியுமின்றி, ஈரத்தரையிற் படுத்துறங்கினர். இத்தகைய நிலவறைகளிற் குடியிருத்தலைச் சட்டம் தடுத்தது. பரிசோதகர் அவற்றைக் கணக்கெடுத்தார், அறிவித்தல் கொடுத்தார், மக்களை வெளியேற்றினார். வெளியேற்றப்பட்டோர் எங்கே போவது? அடுத்த தெருவில் ஏற்கெனவே நெருக்கமாயிருந்த அறை ஒன்றினுள் அவர்கள் புகுந்தனர். நிலவறை வெறுமையாயிற்று, நெருக்கடி இடம்மாறியது. வாடகை வாங்கியவன் வாழ்ந்தான். வாடகை கொடுத்தவன் தெருவில் நின்றான். சட்டத்தை நேர்மையாக நிறைவேற்றிய ஓர் உத்தியோகத்தர், தம் நேர்மையினாலேயே ஏழையின் துயரைப் பெருக்க நேர்ந்த இம்முரண்பாடு, இவ்வுத்தியோகம் பிறந்த முதலாண்டிலேயே அதனைப் பற்றிக்கொண்டது. மாற்று வீடின்றி வெளியேற்றம் நிகழும் நகரெங்கும் அது இன்னும் அதனை விட்டு நீங்கவில்லை.

1848ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் நாடு முழுவதற்கும் வழிகாட்ட முனைந்தது. எனினும் அது கட்டாயச் சட்டமாக அமையவில்லை. வரியிறுப்போரிற் பத்திலொரு பகுதியினர் விண்ணப்பித்தால், அல்லது ஆண்டொன்றுக்கு ஆயிரம் பேரில் 23 பேருக்கு மேல் இறந்தால், ஓரிடத்தில் சுகாதாரச் சபை அமைக்கப்படலாம். பிணங்கள் போதிய தொகையிற் சேரும்வரை காத்திருந்த சட்டமென்றே இதனைச் சொல்லவேண்டும். இதனைக்கூட வரியிறுப்போர் தம் சொத்துரிமையின் மீதான தாக்குதலென எதிர்த்தனர். 1854இல் சட்விக் பதவியிழந்தார்.

அறிவியலும் அன்று தெளிவடைந்திருக்கவில்லை. நாற்றமே நோயைத் தோற்றுவிக்கின்றது என்பது சட்விக் முதலியோரின் கோட்பாடு. அக்கோட்பாட்டினால் வழிநடத்தப்பட்டு இலண்டனின் மலக்குழிகள் வடிகால்களுக்குள் திருப்பப்பட்டன. வடிகால்கள் தேம்ஸ் நதியிற் கலந்தன. அந்நதியிலிருந்தே குடிநீர்க் கம்பனிகள் நீரெடுத்தன. துப்புரவு செய்த கைகளே கொலராவுக்கு வழிசமைத்தன. 1854இல் சோஹோப் பகுதியிற் கொலரா பரவியபோது டாக்டர் ஜோன் ஸ்னோ வீடுவீடாகச் சென்று மரணங்களைக் கணக்கெடுத்து, புறோட் வீதி நீர்ப்பம்பியே காரணம் என நிறுவினார். செப்டெம்பர் 8ஆந் திகதி உள்ளூர்ச் சபையினர் அப்பம்பியின் கைபிடியைக் கழற்றினர். அப்போது நோய் தணியத் தொடங்கிவிட்டதென்பதும், ஸ்னோவின் கோட்பாட்டை அதிகாரிகள் அதன் பின்னரும் ஏற்க மறுத்தனர் என்பதும் உண்மையே. ஆயினும், சாட்சியத்தைச் சேகரித்து, அதனைச் சபையின் முன் வைத்து, குறிப்பிட்ட ஒரு செயலைச் செய்விக்கும் முறைக்கு அக்கைபிடி ஒரு சின்னமாய் நிலைத்துவிட்டது.

புகையின் வரலாறு இன்னும் வெளிப்படையானது. சோடா உற்பத்தி செய்த அல்கலி ஆலைகள் ஐதரோகுளோரிக் அமில வாயுவைக் காற்றிற் கலந்தன. சென் ஹெலன்ஸ், விட்னெஸ் போன்ற ஊர்களின் தொழிலாளர் நெடுங்காலமாக அதனைச் சுவாசித்து வந்தனர். அதற்காகப் பாராளுமன்றம் பதறவில்லை. பெருநிலப் பிரபுக்களின் தோப்புகள் கருகி, பயிர்கள் பட்டபோதே டேர்பிப் பிரபுவின் முயற்சியால் 1862இல் விசாரணைக் குழு அமைந்தது. 1863இல் அல்கலிச் சட்டம் பிறந்தது. வெளியேறும் வாயுவில் நூற்றுக்கு 95 வீதத்தை ஆலை தடுத்து ஒடுக்கவேண்டும் என அது விதித்தது. ஓர் எண்ணைக் குறித்து, அவ்வெண்ணை அளந்து பார்க்கும் அதிகாரியையும் நியமித்த இச்சட்டம் பிற்காலச் சுற்றாடற் சட்டங்களுக்கு முன்மாதிரியாயிற்று. முதற் பரிசோதகரான றொபேட் அங்கஸ் சிமித் வழக்கிடுவதைக் காட்டிலும் அறிவுறுத்தித் திருத்துவதையே பெரிதும் நம்பினார். அம்முறையால் நன்மையும் விளைந்தது. பரிசோதகருக்கும் முதலாளிக்கும் இடையே நெருக்கமான ஓர் உறவும் வளர்ந்தது. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் காண்பது வரலாற்று நோக்காகாது.

இனி, மாணவனின் வினாவுக்கு வருவோம். அல்கலிப் பரிசோதகர் மத்திய அரசின் உத்தியோகத்தர். நகரத்துப் பரிசோதகரோ உள்ளூர்ச் சபையின் ஊழியர். அச்சபையில் வீற்றிருந்தோர் யார்? வாடகை வீட்டுச் சொந்தக்காரர், கடைக்காரர், ஆலைமுதலாளி ஆகியோரே. பரிசோதகர் யாருடைய மலக்குழியைப் பற்றி அறிக்கை எழுதவேண்டுமோ, அவரே அடுத்த ஆண்டு அப்பரிசோதகரின் பதவியைப் புதுப்பிப்பதா என வாக்களித்தார். 1872ஆம் ஆண்டுச் சட்டம் சுகாதார அதிகாரிகளின் நியமனத்தை நாடெங்கும் கட்டாயமாக்கியது. அவர்களின் சம்பளத்திற் பாதியை மத்திய அரசு ஏற்கும் ஏற்பாடும் உருவாகியது. அவ்வாறு ஏற்ற இடங்களில் மத்திய அரசின் கண்காணிப்பும் ஓரளவு பாதுகாப்பும் கிடைத்தன. எனினும் பதவிப் பாதுகாப்பு முழுமையாக உறுதிப்படுத்தப்பட்டது 1921ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே. லிவர்பூலில் முதற் பரிசோதகர் கடமையேற்று எழுபத்துநான்கு ஆண்டுகள் கடந்த பின்னரே, உண்மையைச் சொன்னதற்காகத் தொழிலை இழக்கவேண்டியதில்லை என்ற உறுதி அவருடைய வழித்தோன்றல்களுக்குக் கிடைத்தது.

இவ்விடர்ப்பாட்டை இலக்கியமாக்கியவர் நோர்வே நாடகாசிரியர் இப்சன். 1882இல் அவர் எழுதிய 'மக்களின் பகைவன்' நாடகத்தில், ஊரின் நீராடு நிலையத்து வைத்தியர் அந்நீர் தோற்பதனிடும் தொழிற்சாலைக் கழிவால் நஞ்சூட்டப்பட்டிருப்பதைக் கண்டறிகிறார். நகரத் தலைவரோ அவருடைய உடன்பிறந்த தமையன். ஊரின் வருமானம் அந்நீரில் தங்கியிருந்தமையால், உண்மை கூறியவர் பகைவராக்கப்படுகிறார். இக்கதையை 1989இல் சத்யஜித் ராய் வங்காளத்துக் கோயில் தீர்த்தமாக மாற்றித் திரைப்படமாக்கினார். அதிகாரத்தின் முகமூடியைக் கிழித்த வகையில் இப்சனின் நாடகம் ஒப்பற்றது. ஆயின், தனித்து நிற்பவனே வலிமை மிக்கவன் என்ற அதன் முடிபை நாம் ஏற்பதற்கில்லை. வரலாறு வேறுவிதமாகவே சாட்சியம் பகர்கின்றது. 1883இல் இங்கிலாந்தின் சுகாதாரப் பரிசோதகர்கள் தமக்கெனச் சங்கம் அமைத்தனர். தகைமைக்கும் பாதுகாப்புக்கும் குரல்கொடுத்தனர். பதவிப் பாதுகாப்பைத் தனிமனித வீரம் ஈட்டித் தரவில்லை. பல்லாண்டுக் கூட்டு முயற்சியே அதனைச் சட்டமாக்கியது.

இலங்கைக்கு இவ்வுத்தியோகம் குடியேற்ற ஆட்சியின் பொதிகளோடு வந்திறங்கியது. 1862இல் தொல்லைகள் பற்றிய கட்டளைச்சட்டம், 1865இல் மாநகரசபைகள் கட்டளைச்சட்டம், 1892இல் சிறு நகரங்களின் சுகாதாரக் கட்டளைச்சட்டம், 1897இல் நோய்த்தடுப்புக் கட்டளைச்சட்டம் என ஒன்றன்பின் ஒன்றாக அவை வந்தன. 1914இல் கொழும்பிற் பிளேக் நோய் தலைகாட்டியதை அடுத்து, 1915இல் வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச்சட்டமும் பிறந்தது. 1926இல் களுத்துறையில் அமைந்த சுகாதாரப் பிரிவு கிராமத்துக் குடிசை வரை பரிசோதகரை அழைத்துச் சென்றது. இதனால் விளைந்த நன்மைகளை மறுப்பது நன்றியீனமாகும்.

ஆனால் பரிசோதனையின் கண் எங்கே திரும்பியது, எங்கே திரும்பவில்லை என்பதையும் கேட்டாகவேண்டும். தோட்டத் தொழிலாளர் மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, நோய் பரப்புவோரெனச் சோதிக்கப்பட்ட பின்னரே கடல்கடக்க அனுமதிக்கப்பட்டனர். அவர்களுடைய உடல் பரிசோதிக்கப்பட்டது. அவர்கள் சென்றடைந்த லயத்துக் காம்பராவோ துரையின் தனியாட்சிக்குள் நெடுங்காலம் இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழும், தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையிருந்தது. அத்தடையை நீக்கிய திருத்தம் 2018இலேயே நிறைவேறியது. வாக்களித்துச் சபையைத் தெரிவு செய்தவர்களின் கானைச் சபை வெட்டிக்கொடுக்க முடியாதிருந்ததென்றால், தொல்லை எதுவென்பதை நிர்ணயித்தவர்கள் யாரென்பது சொல்லாமலே விளங்கும்.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம் மத்திய சுற்றாடல் அதிகாரசபையை உருவாக்கியது. 1988ஆம் ஆண்டுத் திருத்தம் சுற்றாடல் பாதுகாப்பு உரிம முறையைக் கொண்டுவந்தது. சிறிதளவு மாசுண்டாக்கும் தொழில்களுக்கு உரிமம் வழங்கும் பொறுப்பு உள்ளூராட்சி மன்றங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. பழைய தொல்லைப் பரிசோதகர் நாற்றத்தைத் தேடிச் சென்றார். புதிய உத்தியோகத்தரோ தொல்லை தோன்றுமுன்னரே நிபந்தனை விதிக்கிறார். கழிவுநீரின் அளவென்ன, இரைச்சலின் எல்லை யாது எனக் கேட்கிறார். கருத்தளவில் இது பெருமுன்னேற்றம்.

நடைமுறையோ இரு நிகழ்ச்சிகளில் எம்முன் நிற்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லை; சுண்ணக்கல்லின் உள்ளே தேங்கிய மழைநீரே கிணறாக ஊறுகின்றது. சுன்னாகத்திற் கிணறுகளில் எண்ணெய் கலந்ததென மக்கள் முறையிட்டனர். உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில், அங்கு இயங்கிய தனியார் மின்னுற்பத்தி நிறுவனம் பாதிக்கப்பட்டோருக்கு இரண்டு கோடி ரூபா செலுத்தவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது, நீர் கெட்டபின் வந்தது. மற்றையது மீதொட்டமுல்லை. கொழும்பு மாநகரின் குப்பை, அந்நகரின் எல்லைக்கப்பால் ஏழைகள் வாழ்ந்த ஓரிடத்தில் மலையாகக் குவிக்கப்பட்டது. அயலவர் ஆண்டுக்கணக்காக எதிர்ப்புத் தெரிவித்தனர். 2017 ஏப்ரல் 14ஆந் திகதி, புத்தாண்டு தினத்தன்று, அம்மலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோரைப் புதைத்தது. அங்கே குப்பை கொட்டியது களவாக இயங்கிய ஒரு பட்டறையன்று. சட்டத்தைக் காக்கவேண்டிய பொதுமன்றத்தின் வண்டிகளே கொட்டின.

"சபைக்கு ஆர் நோட்டீஸ் குடுக்கிறது?" இவ்வினாவுக்குச் சட்டநூல்களில் ஒரு விடை உண்டு: அதிகாரசபை கொடுக்கலாம், நீதிமன்றம் கட்டளையிடலாம். வரலாற்றில் வேறொரு விடையும் உண்டு. அறிக்கை எழுதும் உத்தியோகத்தரின் பின்னால் அவருடைய தொழிற்சங்கமும், அவ்வறிக்கையைப் படித்துப் புரிந்துகொள்ளும் மக்களும் நிற்கும்போதே நோட்டீசுக்கு உயிர் வருகின்றது. 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் இலங்கைப் பிரசை எவருக்கும் ஒரு கருவியைத் தந்துள்ளது. ஊரிலுள்ள ஆலையின் உரிமத்தில் என்ன நிபந்தனை எழுதப்பட்டுள்ளது, கிணற்றுநீர்ப் பரிசோதனையின் முடிவு யாது என்று சபையிடம் எழுத்திற் கேட்கலாம்.

அம்மாணவனுக்கு நான் அன்று விரிவான விடை எதனையும் கூறவில்லை. மறுவாரம் தமிழ்ப்பாட வேளையிற் கடிதம் எழுதும் பயிற்சி இருந்தது. நோய்க்காக விடுமுறை கோரும் வழக்கமான கடிதத்தை விடுத்து, சந்தை வாய்க்காலின் நீர் எப்போது, யாராற் பரிசோதிக்கப்பட்டதென வினவிச் சபைச் செயலாளருக்கு விண்ணப்பம் எழுதுமாறு வகுப்புக்குக் கூறினேன். முப்பத்தொரு கடிதங்கள் வந்தன. எழுத்துப்பிழை குறைந்த ஒன்றைத் தெரிந்து, வளர்ந்தோர் ஒருவரின் கையொப்பத்துடன் அனுப்பிவைத்துள்ளோம். பதில் இன்னும் வரவில்லை. மாணவர்கள் நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.