பிராங்க்ளின் அடுப்பும் எங்கள் வீட்டுப் புகையும்

குலு பக்கம் மாற்றலாகி வந்த வருடம் 'தந்தூர்' என்ற சொல்லுக்குப் புது அர்த்தம் தெரிந்துகொண்டேன். நம்ம ஊர் ஓட்டலில் ரொட்டி சுடும் மண் அடுப்பு இல்லை. இரும்புத் தகட்டில் செய்த பெட்டி, விறகு போட ஒரு கதவு, மேலே கூரை வழியாக வெளியே போகும் குழாய். குளிர்காலம் முழுக்க சமையல், வெந்நீர், பையனின் வீட்டுப்பாடம் எல்லாம் இதைச் சுற்றித்தான்.

விறகைக் குவிண்டால் கணக்கில் வாங்க வேண்டும். பி.காம். புத்தி சும்மா இருக்குமா? குழாய்க்குள் ஒரு தகடு உண்டு. அதைத் திருப்பினால் புகை போகும் வழி குறுகும், விறகு மெதுவாக எரியும், சூடும் உள்ளேயே நிற்கும். ஜனவரியில் ஒரு நாள் அதை முக்கால்வாசி மூடிவிட்டுப் படுத்தோம். நடுராத்திரி தங்கமணி தலைவலி என்று எழுந்தார். பையனுக்கு வாந்தி. அறையில் புகை என்று பெரிதாக ஒன்றுமில்லை. சத்தம் கேட்டு மேலே வந்த வீட்டுக்காரப் பெரியவர் ஒரு வார்த்தை பேசாமல் ஜன்னல்களை எல்லாம் திறந்தார். எங்களை வெளியே பனியில் நிற்க வைத்த பிறகுதான் திட்டினார். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் படித்து மார்க் எல்லாம் வாங்கியிருக்கிறேன்!

சூட்டை மிச்சம் பிடிக்கப் போய்ப் புகையிடம் மாட்டிக்கொண்ட பெரிய மனிதர் ஒருவர் உண்டு என்று அப்புறம் படித்தபோது கொஞ்சம் ஆறுதல் :-) பெஞ்சமின் பிராங்க்ளின்தான் அவர்.

1740-களில் அவர் பிலடெல்பியாவில் அச்சகம் நடத்திக்கொண்டிருந்தார். ஆங்கிலேயர் வீடுகளில் சுவரோடு கட்டிய திறந்த கணப்பு. சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாகப் போய்விடும். முகம் காயும், முதுகு விறைக்கும். நூறு வருடங்களுக்கு முன் வாசலிலேயே கிடைத்த விறகைச் சில ஊர்களுக்கு ஏறக்குறைய 100 மைல் தூரத்திலிருந்து கொண்டுவர வேண்டியிருக்கிறது என்று அவரே எழுதியிருக்கிறார். ஜெர்மன் குடியேறிகளிடம் மூடிய இரும்பு அடுப்பு இருந்தது. விறகு மிச்சம்தான், ஆனால் தீ கண்ணுக்குத் தெரியாது. பிராங்க்ளினுக்கு இரண்டும் வேண்டும்.

வார்ப்பிரும்புத் தகடுகளால் முன்பக்கம் திறந்த ஒரு பெட்டி செய்தார். தகடுகளை வார்த்துக் கொடுத்தவர் நண்பர் ராபர்ட் கிரேஸ். தீக்குப் பின்னால் ஒரு காற்றறை. புகை அதன் மேலேறி, பின்பக்கம் கீழே இறங்கி, தரைக்கடியில் போய்ப் புகைபோக்கியைச் சேர வேண்டும். சுற்றிப் போகும் வழியெல்லாம் புகையின் சூட்டை உருவிக்கொள்ளலாம் என்பது கணக்கு. 1744-இல் இதை விளக்கி ஒரு சிறு புத்தகமும் போட்டார். ஆளுநர் தாமஸ் காப்புரிமை தருகிறேன் என்றபோது, பிறர் கண்டுபிடித்ததை நாம் அனுபவிக்கிறோமே என்று மறுத்துவிட்டார். லண்டனில் ஒரு இரும்பு வியாபாரி அதைக் கொஞ்சம் மாற்றி (கெடுத்து என்கிறார் பிராங்க்ளின்), தானே காப்புரிமை வாங்கிக் காசு பார்த்தார்.

கணக்கில் விட்டுப்போனது ஒன்றுதான். புகை மேலே போவதே சூட்டின் பலத்தில். சூட்டை எல்லாம் நாமே எடுத்துக்கொண்டால் அது ஏன் ஏறப்போகிறது? அதிலும் முதலில் கீழே இறங்கச் சொன்னால்! தீ நன்றாக எரிந்து புகைபோக்கி சூடாக இருக்கும்வரை சரி. தணிந்தால் புகை வீட்டுக்குள் திரும்பும். பிலடெல்பியாவின் வானியலாளர் டேவிட் ரிட்டன்ஹவுஸ் 1780-களில் கீழே இறங்கும் வழியை எடுத்துவிட்டு, புகை நேராக மேலேறும்படி குழாய் வைத்தார். அதன் பிறகுதான் அந்த அடுப்பு நன்றாகப் பரவியது. பெயர் மட்டும் பிராங்க்ளின் அடுப்பு! ஆடிட்டில் இப்படி ஒரு பற்று வரவை விடமாட்டார்கள்.

பிராங்க்ளினும் புகையை லேசில் விடவில்லை. 1785-இல், எண்பதை நெருங்கும் வயதில், பிரான்சிலிருந்து ஊர் திரும்பும் கப்பலில் உட்கார்ந்து, புகையும் புகைபோக்கிகளுக்கான காரணங்களையும் வைத்தியத்தையும் நீளக் கடிதமாக எழுதினார்.

எங்கள் குழாயின் தகட்டைப் பெரியவர் மறுநாளே கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். இப்போது படுக்கும் முன் தீயை முழுக்க அணைத்துவிட்டு இரண்டு ரஜாயோடு சமாளிக்கிறோம். ஒரு ஜன்னல் நான்கு விரல்கடை திறந்தே இருக்கும். விறகுச் செலவு குறையவில்லை.