மும்பையில் தண்ணீர் ஏன் நிற்கிறது?

ஜூன் பிறந்தால் போதும், ஊரிலிருந்து அம்மாவின் போன் வந்துவிடும். "அங்க முழங்கால் தண்ணியாமே, டிவில காட்றான்?" மும்பைக்கு வந்த எல்லாத் தமிழ்க் குடும்பத்துக்கும் இது பழக்கம்தான். நம்மவர்கள் அதிகம் இருக்கும் மாட்டுங்கா, சயான் பக்கம்தான் காமிராவும் முதலில் வரும். கிங்ஸ் சர்க்கிளும் காந்தி மார்க்கெட்டும் தவறவே தவறாது. ஏன் என்று, இருபத்தைந்து வருஷமாக இங்கே குப்பை கொட்டுகிறவன் என்ற முறையில் படித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் கணக்கு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பம்பாய் ஏழு தீவுகளாக இருந்தது என்பது ஸ்கூல் பாடம். 1780களில் கவர்னர் வில்லியம் ஹார்ன்பி, மகாலக்ஷ்மிக்கும் வர்லிக்கும் நடுவே கடல் உள்ளே புகும் வாயை அணை கட்டி அடைத்தார். கம்பெனி மேலிடம் சம்மதிக்காமலேயே வேலையை ஆரம்பித்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு. ஹாஜி அலி பக்கம் பஸ்ஸில் போகும்போது நாம் போவது அந்த ஹார்ன்பி வெல்லார்ட் மேல்தான். கடல் வெளியே நின்றது, உள்ளே நிலம் கிடைத்தது. ஆனால் கிடைத்தது பள்ளம். கடலை வெளியே நிறுத்திய அதே சுவர் மழைத்தண்ணீரை உள்ளே நிறுத்தியது!

அதன்பின் வந்த வடிகால்களுக்கெல்லாம் இதே தலைவலிதான். தண்ணீர் சரிவைப் பார்த்து ஓடும், சரிவு கடலைப் பார்த்து இருக்கும், கடலோ தினம் இரண்டு முறை ஏறும். நகரத்தின் மழைநீர் கடலில் விழும் வாய்கள் மொத்தம் 186 என்று கணக்கு. இதில் ஏற்றத்தின்போதும் கடல்மட்டத்துக்கு மேலே இருந்தவை 6தான். மற்றதில் எல்லாம் அந்த நேரத்தில் தண்ணீர் வெளியே போகாது. மதகு இல்லாவிட்டால் கடலே உள்ளே வரும்.

இப்போது கணக்கு. பழைய வடிகால்கள் மணிக்கு 25 மி.மீ. மழைக்குக் கட்டியவை. அதிலும் கடல் இறங்கியிருக்கும் நேரம் என்று வைத்துக்கொண்டு. பெய்வதில் பாதியை மண் குடித்துவிடும், மீதிப் பாதிதான் வடிகாலுக்கு வரும் என்றும் ஓர் அனுமானம். அன்றைக்கு அது நியாயம்தான், தோட்டமும் வயலும் இருந்தன. இன்றைக்கு எங்கே மண்? 1985 வெள்ளத்துக்குப் பிறகு ஆய்வு நடத்தி, 1993ல் 'பிரிம்ஸ்டோவாட்' அறிக்கை வந்தது. மணிக்கு 50 மி.மீ., பெய்வது முழுதும் வடிகாலுக்கே வரும் என்று வைத்துக் கட்டச் சொன்னது. மழை இரண்டு மடங்கு, ஓடி வருவதும் இரண்டு மடங்கு. ஆகக் கூடி நான்கு மடங்கு தண்ணீர்! பணத்துக்கு எங்கே போவது? அறிக்கை பெரும்பாலும் அலமாரியில் தூங்கியது.

எழுப்பியது 2005 ஜூலை 26. சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ., ஒரே மணி நேரத்தில் மட்டும் 190. கொலாபாவில் வெறும் 73. அதே பிற்பகலில்தான் கடலும் ஏறியது. விஹார் ஏரியில் தொடங்கி மாஹிமில் கடல் சேரும் மித்தி நதியை விமான ஓடுதளத்துக்காகவும் கட்டடங்களுக்காகவும் நெருக்கிவைத்திருந்தோம். அது குர்லாவையும் கலினாவையும் எடுத்துக்கொண்டது. நகரத்தில் மட்டும் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். நான் ஆபீஸிலிருந்து வீடு வந்து சேர்ந்தது மறுநாள் மதியம். அவ்வளவோடு தப்பினேன்.

அப்புறம் பணம் வந்தது. மத்திய அரசு 1200 கோடி தருவதாகச் சொன்னது. கடல் ஏறும்போது மதகை மூடிவிட்டு, உள்ளே சேரும் தண்ணீரைப் பம்ப் வைத்துக் கடலுக்குத் தள்ளுவதுதான் ஏற்பாடு. ஒரு பம்ப் நொடிக்கு 6000 லிட்டர் இறைக்கும். எட்டு நிலையங்கள் திட்டம். ஹாஜி அலி, இர்லா, லவ் குரோவ், கிளீவ்லேண்ட் பந்தர், பிரிட்டானியா, கஜ்தர்பந்த் என்று ஆறு 2019க்குள் ஓட ஆரம்பித்தன. பாக்கி மோக்ராவும் மாஹுலும். கிங்ஸ் சர்க்கிள், சயான் தண்ணீரை வாங்கிக்கொள்ள வேண்டியது மாஹுல்! அது நிலம் கிடைக்காமல் வருஷக்கணக்கில் இழுத்தது. நம் தெரு ஏன் டிவியில் வருகிறது என்பதற்கு இதைவிட நேரான பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

பரேல் பக்கம் ஹிந்த்மாதாவில் வேறு வழி பார்த்தார்கள். அதுவும் கிண்ணம் மாதிரிப் பள்ளம். பிரிட்டானியா நிலையம் வந்தும் தீராததால், 2021 வாக்கில் பக்கத்துப் பார்க்கிலும் மைதானத்திலும் பூமிக்கடியில் தொட்டி கட்டி, கடல் இறங்கும்வரை மழைநீரைப் பிடித்துவைக்க ஆரம்பித்தார்கள். ஊரணி வெட்டிய நம் தாத்தாக்கள் பார்த்தால் சிரிப்பார்கள். எனக்கு இந்த யோசனை பிடித்திருக்கிறது.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று. வயதான அப்பா அம்மாவோடு இந்தப் பக்கம் கீழ்வீடு பார்த்தால் புரோக்கரிடம் கேட்காதீர்கள், "பானியா? ஒரு சொட்டு வராது சார்" என்பார். தெருமுனை மளிகைக்கடைக்காரரிடம் 2005ல் எதுவரை வந்தது என்று கேளுங்கள், கை வைத்தே காட்டுவார். மழைக்காலத்துக்கு முன்பே கடல் நாலரை மீட்டருக்கு மேல் ஏறும் நாட்களின் பட்டியல் பேப்பரில் வரும். எங்கள் வீட்டில் அது காலண்டர் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.