கொக்லியர் கருவி பொருத்தினால் போதுமா? பிள்ளையின் கேட்டலைத் தீர்மானிப்பவை

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் பால்வெட்டுக்கும் கொழுந்துக்கும் தாய்மார் காலையிலேயே புறப்பட்டுவிடுகிறார்கள். குழந்தை பிள்ளைக்காம்பிராவில். கூப்பிட்டும் திரும்பாத குழந்தையை “பேச்சு பிந்தித்தான் வரும்” என்று விட்டுவிட்டால், இழக்கப்படுவது திரும்பக் கிடைக்காத மாதங்கள்.

கொக்லியர் கருவி ஒலியைப் பெரிதாக்குவதில்லை. காதுக்குப் பின்னால் அணியும் பகுதி ஒலியைச் சமிக்ஞையாக மாற்ற, உட்காதில் சத்திரசிகிச்சை மூலம் பொருத்திய மின்வாய்கள் செவிநரம்பை நேரடியாகத் தூண்டுகின்றன. அதைப் பேச்சாகப் புரிந்துகொள்ள மூளை பழக வேண்டும்.

வயது: மூளை மொழியைப் பற்றிக்கொள்ளும் வேகம் முதல் 3 வருடங்களில் அதிகம். 1 மாதத்துக்குள் கேட்டல் பரிசோதனை, 3 மாதத்துக்குள் நோய் நிர்ணயம், 6 மாதத்துக்குள் செவிப்புலன் கருவியோ பயிற்சியோ என்பது சர்வதேச வழிகாட்டல். பேசவே பழகாமல் பல வருடங்கள் கடந்தபின் பொருத்தினால் பலன் குறைகிறது.

காரணம்: கொனெக்சின் 26 மரபணு மாற்றத்தால் கேளாத பிள்ளைகள் பொதுவாக நன்கு தேறுகிறார்கள். செவிநரம்பு மெலிந்திருந்தால் பலன் குறைவு; அதனால்தான் முன்கூட்டியே ஸ்கான் எடுக்கிறார்கள். பக்டீரியா மூளைக்காய்ச்சலுக்குப் பின் உட்காது எலும்பாக இறுகக்கூடும். அப்பிள்ளைகளுக்குத் தாமதம் ஆபத்து.

அணியும் நேரம்: விழித்திருக்கும் நேரமெல்லாம் அணிய வேண்டும். பிள்ளைக்காம்பிரா பொறுப்பாளருக்கும் அதை மாட்டவும் பற்றரி மாற்றவும் தெரிந்திருக்க வேண்டும். சப்ரகமுவவின் ஈரக்காற்றில் இரவில் உலர்த்தும் டப்பாவில் வைப்பது அவசியம். கருவியின் அளவுகளைச் சரிசெய்ய கிளினிக் பயணங்களும் தொடரும். ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் சம்பளம்.

மொழி: பயிற்சி சிங்களத்திலும் வீட்டுப் பேச்சு தமிழிலும் இருந்தால், வீட்டில் என்ன செய்வது என்று தாய்க்குத் தமிழில் விளக்கப்பட வேண்டும். அதைக் கேட்டுப் பெறுவது உரிமை. பிள்ளையோடு நாள் முழுதும் பேசுபவர்கள் பெற்றோரும் அப்பாயி, அம்மாயிமாருமே.

பலத்த சத்தத்துக்குத் திடுக்கிடாத, 6 மாதமாகியும் குரல் வரும் பக்கம் திரும்பாத, ஒரு வயதாகியும் மழலை பேசாத குழந்தையைக் குடும்பநல மாதுவிடம் காட்டுங்கள்; வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு அனுப்பும்படி கேளுங்கள். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்குப் பிரதேச செயலகம் ஊடாக விண்ணப்பிக்கலாம்.

கருவி பலனளிக்காத பிள்ளைக்குச் சைகைமொழி உண்டு. எந்த மொழியும் இல்லாமல் ஒரு பிள்ளை வளர்வதுதான் நடக்கக்கூடாதது.